தனசேகர் அண்ணனின் விரல்களும் என் மகனின் முதல் மார்க்கும்

1

என் மகன் இனியனுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் கிடைத்திருக்கிறது. பெற்றவன் வயிறு குளிர வேண்டிய செய்தி. எனக்கு எரிகிறது. மூன்று நாட்களாக எரிகிறது. அதை ஊரில் இருப்பவர்களிடம் சொல்லாமல் இங்கே யாரிடம் சொல்வது?

ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிறிய ஊரில் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறேன். இங்கே அரசுப் பள்ளியிலேயே மத வகுப்பு உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்குப் போவார்கள், புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் இன்னொரு அறைக்குப் போவார்கள். இரண்டிலும் ஒட்டாத எங்கள் பிள்ளைகளை, துருக்கிப் பிள்ளைகளோடும் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகளோடும் சேர்த்து, அறநெறி வகுப்பில் உட்கார வைப்பார்கள். அந்த வகுப்பில்தான் இனியன் பத்து நிமிடம் பேசியிருக்கிறான். ஆசிரியை கொடுத்த தலைப்பு: "கடவுள் நம்பிக்கை அறிவுக் குறைவின் அடையாளமா?"

சனிக்கிழமை காலை, தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாள்களை வைத்தான். மேலே சிவப்பு மையில் '1' என்று போட்டிருந்தது. இந்த நாட்டில் ஒன்றுதான் உச்சம். நம் ஊரில் நூற்றுக்கு ஒன்று வாங்கினால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். அந்தச் சிரிப்போடுதான் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு புகைப்படம். என் பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் டிரெயினியாக இருந்த பிரஸ் ஷாப்பில், ஒரு ஆயுத பூஜை அன்று எடுத்த படம். மாலை போட்ட மிஷின்களுக்கு முன்னால் பதினேழு பேர் நிற்கிறோம். அதில் ஒரு முகத்தைச் சுற்றி இனியன் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். கீழே ஒரு வரி: "இந்த மனிதர், தன் விரல்களை ஒரு தெய்வம் எடுத்துக்கொண்டது என்று நம்பினார்."

தனசேகர் அண்ணன். கையில் பொரிப் பொட்டலத்தோடு, வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறைய குங்குமத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தில் அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது. அந்தப் படம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து எட்டுதான் இருந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா" என்றான் இனியன் ஜெர்மனில். "டீச்சர்கூட."

தாளின் ஓரத்தில் அந்த அம்மாள் எழுதியிருந்தாள்: "அருமையான எடுத்துக்காட்டு. கல்வியே இதற்கு மருந்து."

நான் தாள்களை மேஜையில் அறைந்தேன். சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தது. "யாரைக் கேட்டுடா அந்தப் படத்தை எடுத்தே?" என்று கத்தினேன். அவனுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்று புரியவில்லை. எப்படிப் புரியும்? அந்த முகத்தைக் காட்டி அந்தக் கதையை அவனுக்குச் சொன்னவனே நான்தான்.

2

கோபத்தில் எனக்கு ஜெர்மன் வராது. வாக்கியத்தின் கடைசியில் வினைச்சொல்லை வைக்க வேண்டிய இடத்தில் முன்னால் வைத்துவிடுவேன். பிறந்ததிலிருந்து வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய தமிழனுக்கு இது சுலபமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆகவே தமிழில் திட்டுவேன். இனியனுக்குத் தெரிந்த தமிழ் சாப்பிடு, தூங்கு, போதும், வெளியே குளிர் என்கிற அளவுக்குத்தான். "மானங்கெட்ட வேலை" என்றால் அவனுக்கு வேலை மட்டும் புரியும். அவனுடைய அம்மாவைப் பார்த்தான்.

மாலதி பூந்தமல்லிக்காரி. கவிழ்ந்த சட்னியைத் துடைத்துக்கொண்டே, "அவன் நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கான்? எத்தனை பார்ட்டியில சொல்லியிருக்கீங்க" என்றாள். அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

மாலதி சாமி கும்பிடுகிறவள். எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி டப்பா இருக்கும் அலமாரியின் கதவைத் திறந்தால் உள்ளே அம்மன் படம் இருக்கும். குடிவந்த புதிதில் ஒருநாள் கற்பூரம் ஏற்றினாள். கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டியது. கீழ் வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் அலமாரிக்குள் இருந்த படத்தையும் மாலதியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மன்னிக்கவும், என் மனைவிக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு" என்றேன். கொஞ்சம் சளி உண்டு என்று சொல்கிற தொனியில். அதற்குப் பிறகு அவள் பேட்டரி விளக்குதான் வைக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நகராட்சி அலுவலகத்தில் முதல்முதலாகப் பதிவு செய்யப் போனபோது படிவத்தில் மதம் என்ற கட்டம் இருந்தது. என் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று பெருமையாக எழுதினேன். மாலதி தன்னுடையதை எழுதினாள். அங்கிருந்த பெண் இரண்டையும் பார்த்துவிட்டு, கணினியில் இந்த நாட்டுச் சர்ச்சுகளுக்கு மட்டும்தான் தனித்தனி எழுத்து உண்டு, மீதி எல்லாமே 'மற்றவை' என்று சொல்லி எங்கள் இருவரையும் ஒரே பெட்டியில் போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. நானும் அவளும் ஒன்றா? நான் பகுத்தறிவுவாதியின் மகன். என் பெயரே அறிவழகன்.

இங்கே அலுவலகத்தில் இன்னொரு கொடுமை. இந்தியன் என்றாலே பசுவைக் கும்பிடுகிறவன் என்று முடிவு கட்டி வைத்திருப்பார்கள். "இவ்வளவு துல்லியமான அளவைக் கருவிகளில் வேலை பார்க்கிற உங்களால் எப்படி யானைமுகக் கடவுளை நம்ப முடிகிறது?" என்று சேர்ந்த முதல் மாதமே ஒருவன் கேட்டான். கேட்டவன் பதின்மூன்றாம் எண் அறையில் தங்கமாட்டான். நான் அவன் மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நான் அந்தக் கூட்டம் இல்லை என்று நிரூபிக்க அவசரப்பட்டேன். அந்த வாரக் கடைசியில் எல்லாரும் கூடிக் கறி சுட்ட விருந்தில், "எங்கள் ஊரில் ஒரு ஆள் இருந்தான்..." என்று தொடங்கினேன்.

அதுதான் முதல் தடவை. பூஜை போட்ட மிஷினைத் தொட்டதால் அம்மன் விரலைக் காவு வாங்கிவிட்டாள் என்று நம்பிய ஆளின் கதை. வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு சிரித்தார்கள். நான் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த இடத்தில் நிறுத்தி பீர் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்பது வரைக்கும் பழகிவிட்டது.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாகச் சொல்லாததை.

டிப்ளமோ முடித்துவிட்டு அந்த பிரஸ் ஷாப்பில் ஒரு வருட டிரெயினி. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். தகட்டை வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி வெட்டும். அதுதான் பவர் பிரஸ். தனசேகர் அண்ணன் அதில் ஆபரேட்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மிஷின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரும் மத்தியானம் தன் டப்பாவிலிருந்து மீன் குழம்பு ஊற்றியவரும் அவர்தான். ஆடி மாதம் திருவேற்காடு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். என்னையும் கூப்பிடுவார். நான் போகமாட்டேன். "கருப்புச் சட்டக்காரரு புள்ள எங்க வரப்போவுது" என்று சிரிப்பார்.

ஆயுத பூஜை என்றால் எஸ்டேட்டே பளபளக்கும். மிஷின்களைக் கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு கம்பி வலை இருக்கும். பெயின்ட் அடிப்பதற்காக அதைக் கழற்றி வெயிலில் காய வைத்திருந்தார்கள். அச்சுக்குக் கீழே வெற்றிலை, வாழைப்பழம், எலுமிச்சை வைத்த ஒரு தட்டு. பூஜை முடிந்ததும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க எல்லாரும் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளே நானும் அவரும்தான்.

பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலை வரை ஓட்டக்கூடாது. அது அங்கே சட்டம். எனக்கு இருபது வயது. சட்டம் என்றால் உடைத்துப் பார்க்கிற வயது.

"இப்ப ஓட்டினா இன்னாண்ணே ஆயிடும்? வெடிச்சிடுமா?" என்றேன்.

"ஒண்ணும் வெடிக்காது. வருஷம் பூரா நமக்கு சோறு போடுது. ஒர் நாளு அதுக்கும் லீவு வுடேன்" என்றார்.

இப்போது யோசித்தால், அதில் மூடத்தனம் எங்கே இருக்கிறது? அன்று எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அவர் பயப்பட வேண்டும், நான் சிரிக்க வேண்டும். மோட்டாரைப் போட்டேன்.

"பாரு, ஓடுதுல்ல?"

"ஓடுது. சரி, அணைடா அறிவு."

"ஒரே ஒரு தட்டு தட்டிக் காட்டறேன்."

"டேய், தட்டு கீதுடா உள்ள!"

பூஜைத் தட்டை இழுக்க அவர் கையை உள்ளே விட்டார். நான் பெடலை மிதித்தேன். வலை இல்லாமல் மிதிக்கக் கூடாது என்பது எனக்குப் பாடத்தில் வந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அவருடைய கையை நான் பார்க்கவில்லை. அவரையே பார்க்கவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன.

அவர் கத்தவில்லை. வேட்டியைக் கிழித்துக் கையில் சுற்றினார். இடது கையால் மோட்டாரை அணைத்தார். பிறகு என்னைத் தள்ளிவிட்டு, நான் நின்ற இடத்தில் அவர் நின்றுகொண்டார். முதலாளி ஓடி வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "பூஜ போட்ட மிஷின தொட்டுட்டேன் மொதலாளி. தப்பு பண்ணிட்டேன். அம்மா காவு வாங்கிட்டா."

எல்லாரும் நம்பினார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கும்பிடாதவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வலை இல்லாமல் மிஷினை எப்படிப் போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் அந்தப் பதிலில் அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். "அண்ணே, நான் சொல்லிடறேன்" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்.

"சொல்லி? போலீஸு கேஸுன்னு போவும். உன் சர்ட்டிபிகேட்டு பூடும். என் வெரலு திரும்பி வந்துடுமா? போ, ஊட்டுக்குப் போ" என்றார்.

போனேன். அதுதான் நான் செய்தது. அந்த டிரெயினி சான்றிதழ்தான் அடுத்த வேலைக்கும், அதற்கடுத்து இந்த நாட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

4

இதோடு முடிந்திருந்தால்கூட நான் சாதாரணக் கோழை என்று முடித்துவிடலாம்.

என் அப்பா தங்கமான மனிதர். ஜாதி பார்த்து ஒருவர் வீட்டில் தண்ணீர் குடிக்காதவனை வாசலிலேயே நிறுத்தியவர். எங்கள் தெருவில் எத்தனையோ பெண்பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனது அவர் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டதால்தான். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் தனசேகர் அண்ணன் கதை அவர் காதுக்குப் போனது. என்னிடம் கேட்டார். "ஆமாம்பா, அப்படித்தான் சொன்னாரு" என்றேன். அது பொய்யும் இல்லை, பாருங்கள்.

அடுத்த தெருமுனைக் கூட்டத்தில் அப்பா அதைப் பேசினார். சோறு போடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கத் தெரிந்த தொழிலாளிக்கு, தன் விரலைக் காப்பாற்றிக்கொள்ளும் அறிவைக் கொடுக்காத சமுதாயம் என்று ஆரம்பித்து, அரை மணி நேரம். நல்ல பேச்சு. கூட்டம் கைதட்டியது. மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரமாக நின்றிருந்தேன். எதிரே டீக்கடை. அங்கே கட்டுப்போட்ட கையோடு தனசேகர் அண்ணன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. நான் குனிந்து ஒயரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்பா, நான், இனியன். மூன்று தலைமுறை அந்த இரண்டு விரலை வைத்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு யாராவது "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் செருப்பைக் கழற்றுவேன். பூஜை போட்ட மிஷினை ஓட்டக்கூடாது என்பதில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு அன்றும் சாமி இல்லை, இன்றும் இல்லை. வானகரத்தில் என்னோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான். கணினிக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. வாஸ்து சரியில்லை என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சுவரை இடிக்கக் கிளம்பி, அசோசியேஷனோடு வழக்கு நடத்துகிறான். அவனுக்கு அறிவில்லை என்று யார் சொல்ல முடியும்? இங்கே என் மேலதிகாரி பௌதிகத்தில் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடிப் பாடுகிறார். அவரை யாரும் எடுத்துக்காட்டாகப் போட்டு வட்டம் வரைவதில்லை. வட்டம் எப்போதும் எட்டாவது படித்தவன் முகத்துக்குத்தான். எனக்கு ஆத்திரம் இதில்தான். நம்பிக்கை அறிவுக் குறைவா என்று கேட்கிறவர்கள், யாருடைய நம்பிக்கை என்று முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

5

பழைய கம்பெனி ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தினமும் காலையில் அம்மன் படத்தோடு வணக்கம் போடுகிறவர் தனசேகர் அண்ணன். அந்தச் சத்தம் தொந்தரவு என்று குழுவை ஊமையாக்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அதைத் திறந்தபோதுதான் அன்றைக்கு ஆயுத பூஜை என்பதே தெரிந்தது. இருபத்தாறு வருடம் முடிந்திருக்கிறது. அவர் எண்ணை அழுத்தினேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

"ஆரு?"

"அண்ணே, நான் அறிவு. பிரஸ் ஷாப்ல டிரெயினியா..."

"அட, கருப்புச் சட்டக்காரரு புள்ள! இன்னா நைனா, ஜெர்மன்ல கீறியாமே? ஊட்ல எல்லாம் சௌக்கியமா?"

அவர் இப்போது அயப்பாக்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறாராம். முட்டி வலி. பேத்திக்குக் காதுகுத்து முடிந்ததாம். நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை வருடம் நான் கதை சொன்னதை, இனியன் வட்டம் போட்டதை, வகுப்பு சிரித்ததை.

கேட்டு முடித்துவிட்டு, "புள்ள பஸ்ட்டு மார்க்கா?" என்றார்.

"ஆமாண்ணே."

"பரவால்லியே. என் வெரலு ஒரு புள்ளக்கி மார்க்கு வாங்கிக் குடுத்துகீது."

அவர் குத்திக்காட்டச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் செருப்படிதான். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"வெரலுக்கா கேக்குற? அத நா அன்னிக்கே வுட்டுட்டேன். நீ வேணும்னா மெதிச்ச? சின்னப் புள்ள, துள்ளின. மீட்டிங்ல உங்க நைனா பேசறப்ப நா டீக்கடையாண்ட நின்னுகினு இருந்தேன். நீ என்னியப் பாத்த. பாத்துட்டு குனிஞ்சிகின. அதுதான்டா கொஞ்சம் பேஜாரா பூட்ச்சி."

அவரே தொடர்ந்தார்.

"ஆனா அறிவு, நீ எங்கிட்ட கேக்கறது தப்பு. உன்னியக் காப்பாத்த நா ஒரு பொய் சொன்னேன். அது பெருசில்ல. யாரு தலையில கட்டினேன்? அம்மா தலையில. அவ இன்னா பண்ணா? எத்தினி பேருக்கு சோறு போடறவ. அவ வெரல புடுங்கிட்டான்னு எஸ்டேட்டு பூரா பேசிச்சு. உங்க நைனா மைக்கு போட்டுப் பேசினாரு. இப்ப ஜெர்மன் வரைக்கும் போயிகீது அந்தப் பழி. நா வருஷா வருஷம் பூஜயன்னிக்கு திருவேற்காடு போயி, 'நீ பண்லம்மா, எனக்குத் தெரியும், மன்ச்சிக்கோ'ன்னு சொல்லிட்டு வரேன். இன்னிக்குங்கூட போய்ட்டு இப்பதான் ஊட்டாண்ட வந்தேன்."

இத்தனை வருடமும் அவர் கொடுத்தது இரண்டு விரல் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதரிடம் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அதை எனக்காக அழுக்காக்கிவிட்டு, வருடா வருடம் தனியாகப் போய்த் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்து நாங்கள் அறிவில்லாதவன் என்றோம்.

"நான் என்னண்ணே செய்யணும்? எனக்குத்தான் நம்பிக்கையே கிடையாதே" என்றேன்.

"நம்பு, நம்பாங்காட்டி போ. அது உன் இஷ்டம். செய்யாத குத்தத்த ஒர்த்தர் மேல போட்டுட்டு, அவங்க கீறாங்களா இல்லியான்னு கணக்கு பாப்பியா? பழி எங்கெங்க போச்சோ, அங்கெல்லாம் போயி எடுத்துகினு வா. அவ்ளோதான். சரி, போன வை. காசு ஏறும்."

வாட்ஸ்அப்புக்குக் காசு ஏறாது என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

6

இனியன் தன் அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழற்றச் சொன்னேன். மாலதியையும் கூப்பிட்டேன். தமிழும் ஜெர்மனும் கலந்து, வினைச்சொல் எங்கே விழுகிறது என்று பார்க்காமல், முழுவதையும் சொன்னேன். பெடல், வலை, தட்டு, டீக்கடை.

மாலதி எழுந்து சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் எத்தனை வருடம் அந்தக் கதையை நான் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தன் அம்மனைப் பற்றிய ஏச்சைச் சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனியன் தாளைப் பார்த்தான். "அப்போ அந்தத் தாத்தா பொய் சொன்னார்னா அவர் புத்திசாலியா?" என்று ஜெர்மனில் கேட்டான்.

"மறுபடியும் அவர் அறிவை அளக்காதேடா!" என்று கத்தினேன். கத்தியதற்கு வருத்தமில்லை. அளந்து அளந்துதானே இங்கே வந்து நிற்கிறோம்.

அவன் முகம் சுருங்கவில்லை. யோசித்து, தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கி எடுத்து, மெதுவாகக் கேட்டான். "அப்பா, அம்மன் விரல் எடுத்தது... நீங்க அதை நம்பினீங்களா?"

"அதெப்படிடா நம்புவேன்? அங்கே நின்னவனே நான்தானே..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டேன். ஏனென்றால் நம்பித்தான் இருந்தேன். அம்மன் எடுத்தாள் என்று இல்லை. அவர் அப்படி நம்பினார் என்று. ஒரு ஆதாரமும் இல்லாமல், எல்லா ஆதாரமும் எதிராக இருந்தும், எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அது உறுதிப்பட்டது. அதைக் கேள்வி கேட்கிறவர் யாராவது வந்திருந்தால் சண்டைக்கும் போயிருப்பேன்.

"ஆமாம்டா" என்றேன். "நம்பினேன்."

அவன் தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை ஆசிரியையிடம் அவனே பேசுவதாகச் சொன்னான். பேசினானாம். இன்னொரு பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். மார்க் கிடையாது என்று சொல்லிவிட்டாளாம், சும்மா பேசிக்கொள்ளலாமாம். ஓரத்தில் எழுதிய வாக்கியத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் கறி சுட்ட விருந்துக்கு வந்தவர்களில் இன்னும் வேலையில் இருக்கிறவர்கள் ஆறு பேர். நேற்று மதிய உணவு நேரத்தில் அவர்களிடம் சொன்னேன். ஒருவன், இப்போதைய கதை முன்னதைவிட நன்றாக இருக்கிறது என்றான். அவன் தட்டைப் பிடுங்கி எறியாமல் இருந்தது என் வாழ்நாள் சாதனை.

மிச்சம் இருப்பது ஊர். ஜனவரியில் வருகிறோம். திருவேற்காட்டில் வரிசையில் நிற்கப் போகிறேன். மாலதிக்குத் துணையாக இல்லை, எனக்காகவே. அங்கே யாரிடம் என்ன சொல்வேன் என்று தெரியாது. தனசேகர் அண்ணனுக்குப் பின்னால் நிற்பேன் என்பது மட்டும் தெரியும்.

அதற்கு முன்னால், பழி எங்கெங்கே போனதோ அங்கே இதுவும் போக வேண்டும். அந்த பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், அன்று ரோட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டு ஓடி வந்தவர்கள், தெருமுனையில் என் அப்பாவின் பேச்சுக்குக் கைதட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், படிக்காதவர்களிடமும் சொல்லுங்கள். தனசேகர் அண்ணன் மிஷினைத் தொடவில்லை. பெடலை மிதித்தது அறிவழகன். அம்மன் ஒன்றும் செய்யவில்லை.